குறிப்பு: ஒன்றுமில்லை

ஜனவரி 3, சனி

மெர்லின் வந்திருந்தாள். நாகர்கோயில் பக்கத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஜூனில் ஒரு தரம் வந்து நோட்டும் டேப்பும் கொடுத்துவிட்டுப் போனவள், அதற்கப்புறம் வீட்டுப் பக்கம் வரவில்லை, அளவெல்லாம் போனில்தான் கேட்டுக்கொள்வாள். இன்றைக்குக் கையில் அழைப்பிதழோடு நேரில் வந்தாள்.

பிப்ரவரி 6, 7 தேதிகளில் பல்கலைக்கழகத்தில் ‘மக்களோடு ஆய்வு’ என்று இரண்டு நாள் கூடல் நடக்கிறதாம். ஊர்க்காரர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் அதிகாரிகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசுவார்களாம். இரண்டாம் நாள் நிகழ்ச்சியில் ஏழாவது வரி: ‘திருமதி மயிலாத்தாள், மக்கள் ஆய்வாளர்.’ எனக்கு மேலே இருக்கிற ஆறு பேருக்கும் முனைவர் பட்டம். நான் ஐந்தாம் வகுப்பு. ஏழு பேரையும் ஒரே அளவு எழுத்தில்தான் அச்சடித்திருக்கிறார்கள். டேப் வைத்துப் பார்க்காமலே தெரிகிறது.

பதினெட்டு ஊரில் பதினெட்டுக் கிணறு. கிணற்றுக்கு ஓர் ஆள். காலை ஆறு மணிக்குச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து டேப்பை இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்த்து நீல நோட்டில் எழுத வேண்டும். மூன்று கட்டம்: தேதி, அளவு, குறிப்பு. மற்ற ஊர்களில் கல்யாணம், காய்ச்சல் என்று விட்டுப்போன நாள்கள் நிறைய. நான் இருநூற்றுப் பதிமூன்று நாளில் ஒரு நாள் விட்டதில்லை. எழவு விழுந்த நாளில்கூட அளந்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன்.

மெர்லின் மடிக்கணினியில் கோடு காட்டினாள். பதினேழு கிணற்றின் கோடும் செப்டம்பர் மழைக்கு ஒன்றுபோல மேலே ஏறுகின்றன. எங்கள் கிணறு மட்டும் செப்டம்பர் 19-க்கும் 20-க்கும் நடுவில் பொத்தென்று இரண்டடி கீழே விழுகிறது. அந்த வாரம்தான் பக்கத்துத் தோட்டத்து மாரப்பன் போர் போட்டு மோட்டாரை ஓட்டினது. “இந்தக் கோடுதான் பாட்டி எங்க கூடலுக்கே உயிரு. ஒரு போர் ஒரு கெணத்த என்ன பண்ணும்னு இவ்வளவு தெளிவா யாருட்டயும் இல்ல பாத்துக்கிடுங்க” என்றாள். நிலத்தடி நீர் அதிகாரியும் வருகிறாராம். இதைப் பார்த்துத்தான் போரை மூடுவதா என்று முடிவு செய்வாராம்.

கிணற்றுச் சுவரில் அடித்திருக்கிற மஞ்சள் பெயிண்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது எழுதுகிற இந்தக் கோடு போட்ட நோட்டும் அவள் கொடுத்ததுதான். ‘இது உங்களுக்கு, மனசுல இருக்கறத எழுதுங்க’ என்று ஜூனில் தந்தாள். மனதில் எழுதும்படி ஒன்றுமில்லை என்று பெட்டியில் வைத்திருந்தேன். இன்றைக்கு எழுத வந்தது.

ஜனவரி 4, ஞாயிறு

அளவு பத்தொன்பது அடி இரண்டு அங்குலம். பத்து மணிக்கு மறுபடி கிணற்றின் கம்பி மூடியைத் திறந்து, சுகந்திக்கு நான்கு குடம் இறைக்க விட்டுப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கும். சுகந்தி என் மருமகள். பி.எஸ்சி. கணக்கு. அழைப்பிதழைக் காட்டினேன். படித்தாள், கண்ணாடி அலமாரியில் வைத்தாள், அரிசி களையப் போய்விட்டாள். இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் டேப்பை இறக்கும்போது ஒன்று தோன்றியது. ஜூனில் நான் இடுப்பை வளைத்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றித்தான் அளப்பேன். முதுகு பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது நிமிர்ந்து நின்று, சுவரில் முழங்கையை வைத்துக்கொண்டு அளக்கிறேன். எப்போதிருந்து நிமிர்ந்தேன்?

மகன் தெய்வசிகாமணி வெளியே போன பிறகு, டேப்பைச் சுவரின் வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தேன். பழைய செங்கல் கட்டுக்கு மேலே மூன்று வரி ஹாலோ பிளாக். ஒரு கல் எட்டு அங்குலம். மூவெட்டு இருபத்து நான்கு. இரண்டடி. பெயிண்டுக்கு அடியிலும் மட்டம் தெரிகிறது.

தண்ணீர் இறங்கவில்லை. நான்தான் இரண்டடி மேலே ஏறி நின்று அளந்திருக்கிறேன்.

ஜனவரி 7, புதன்

நீல நோட்டைப் புரட்டினேன். செப்டம்பர் 19: இருபது அடி நான்கு அங்குலம். குறிப்பு: ஒன்றுமில்லை. செப்டம்பர் 20: இருபத்திரண்டு அடி நான்கு அங்குலம். குறிப்பு: ஒன்றுமில்லை.

நான் எல்லா நாளும் அந்தக் கட்டத்தில் அப்படித்தான் எழுதுவது. கட்டம் காலியாயிருந்தால் அசிங்கமாக இருக்கும்.

ஜனவரி 9, வெள்ளி

ரேஷன் கடைக்குப் போனேன். வரிசையில் நின்ற பெண்கள் வழிவிட்டு என்னை முன்னால் போகச் சொன்னார்கள். பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள்: என் படம், வலது கையில் டேப், ‘எங்கள் ஊரின் மக்கள் ஆய்வாளர்’. கன்னம் கொஞ்சம் வெளுத்து விழுந்திருக்கிறது, மற்றபடி குறையில்லை. ஒருத்தி “இனி அந்த மாரப்பன் போருக்குப் பூட்டுத்தானுங்க. உங்க கணக்கு முன்னால அவன் நாயம் எடுபடுமா” என்றாள். நானும் சிரித்தேன். சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்தேன். புளி வாங்க மறந்துவிட்டது.

மாரப்பனுக்கு ஒன்றரை ஏக்கர் மஞ்சள். அவன் பழைய கிணறு இரண்டு வருடமாக வறண்டு கிடக்கிறது. போர் ஒன்றுதான். அவன் தோட்டத்துக்குப் போகிற வழி அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேதான்.

ஜனவரி 12, திங்கள்

பொங்கல் வேலை. பித்தளைப் பாத்திரம் எல்லாம் இறக்கினோம். சுகந்தி தேய்த்தாள், நான் துடைத்தேன். நான்கு மாதமாக அவள் பேச்சு “ஆமாங்க அத்தே”, “சேரிங்க அத்தே” இரண்டுதான். முன்பெல்லாம் கணக்கைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டு வேலை செய்வாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

மகனிடம் சுவரைப் பற்றிச் சொன்னேன். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். காற்றடிப்பதை நிறுத்தவேயில்லை. சுவர் ஏறின தேதியை வெளியே சொன்னால், அந்த நான்கு நாள் சுகந்தி டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தது எல்லோருக்கும் ஞாபகம் வரும் என்றான். டெங்கு என்று சொல்லியிருக்கிறோம். டெங்குக்கு யாராவது கிணற்றுச் சுவரை உயர்த்துவார்களா? சுகந்தியின் அம்மா அப்பாவுக்கே டெங்குதான். “கெணத்துச் செவுத்தப் பத்தி இந்த ஊட்டுல ஒரு நாயமும் வேண்டாம்மா” என்றான். மாரப்பன் போர் என்று ஆரம்பித்தேன். “அவரு வேற போர் போட்டுக்குவாரு” என்றான்.

அவனுக்கே தெரியும், மாரப்பனால் போட முடியாது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. அளவு பத்தொன்பது அடி ஐந்து அங்குலம்.

ஜனவரி 19, திங்கள்

மாரப்பன் வீட்டுக்குப் போனேன். செப்டம்பருக்கு அப்புறம் முதல் தடவை. அவன் எனக்குக் கொழுந்தன் முறை. இத்தனை வருடம் அடுத்தடுத்த தோட்டத்தில் இருந்துவிட்டு, அவனைப் பார்த்தால் நான்கு மாதமாக நான்தான் வேறு வரப்பில் இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

மஞ்சள் காட்டில் நின்றிருந்தான். துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு “வாங்க அண்ணி” என்றான். பல்கலைக்கழகத்திலிருந்து அவனுக்கும் கடிதம் வந்திருக்கிறதாம், இரண்டாம் நாள் வந்து அவன் தரப்பைச் சொல்லச் சொல்லி. என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன்.

“சொல்றதுக்கு என்ன இருக்குதுங்க. தண்ணி எறங்கியிருக்குதுன்னு உங்க நோட்டு சொல்லுது.”

“எறங்குலீன்னு உனக்குத் தெரியுமா?”

அவன் ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளிப் போட்டான். “செவுரு எனக்குத் தெரியாதுங்களா அண்ணி. நான் அந்தப் புள்ளையத் தூக்கி மேல குடுத்தன்னைக்கு அது மொழங்கால் ஒசரம். மறுநாள் பொழுதோட பாத்தா நெஞ்சுக்கு நிக்குது. எம்பட வாயில இருந்து அது வராதுங்க. உங்ககிட்டச் சத்தியம் பண்ணியிருக்கறன். போரு போனா மஞ்சளோட போவுது.”

சத்தியம் வாங்கினது நான்தான். ஈரத் துணியோடு நின்றவன் கையைப் பிடித்து வாங்கினேன். அப்போது அவன் பல் கிட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் அவ்வளவு குளிர்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்து வழியாக வரவில்லை.

ஜனவரி 21, புதன்

முழங்கால் வலி. அளந்தேன்.

ஜனவரி 24, சனி

மெர்லின் போன் செய்து ஒத்திகை பார்த்தாள். எனக்கு ஐந்து நிமிடம். ‘வணக்கம், நான் மயிலாத்தாள்’ என்று தொடங்கி, டேப்பைப் பிடிப்பது எப்படி, எத்தனை நாள் அளந்தேன், செப்டம்பர் 20 அன்று அளவைப் பார்த்து எப்படித் திடுக்கிட்டேன், இவ்வளவும். நான் திடுக்கிடவில்லை என்று சொன்னேன். “லேசா திடுக்கிட்டா போதும் பாட்டி” என்று சிரித்தாள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று, “ஏம்மா, செவுரு ஒசந்துச்சுன்னா அளவு மாறுமா?” என்று கேட்டேன். அவள் குரல் மாறிவிட்டது. எந்தச் சுவர் பாட்டி, எப்போ, எதுக்கு என்று மூன்று கேள்வி ஒரே மூச்சில். எப்போ என்றதற்குப் பதில் சொன்னால் எதுக்கு என்பதற்கும் சொல்ல வேண்டும். சும்மா கேட்டேன், பக்கத்து ஊரில் ஒருத்தர் கேட்டார் என்றேன். அவளுக்கு நிம்மதி. மூன்று வருட உழைப்பு என்றாள். போனை வைத்த பிறகு பார்த்தால் இடுப்புச் சாவியை உள்ளங்கையில் அச்சு விழும்படி பிடித்திருக்கிறேன்.

யாராவது வீடு தேடி வந்து வாழ்த்துச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். இப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பின்கட்டுக்குப் போய்விடுகிறேன். பின்கட்டில் கிணறு இருக்கிறது. அங்கேயும் நிற்க முடியவில்லை.

ஜனவரி 28, புதன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஜூனில் மெர்லின் முதலில் நீல நோட்டை நீட்டினது சுகந்தியிடம். “அக்கா, நீங்க கணக்குப் படிச்சவங்க, நீங்க எழுதினா நல்லாருக்கும்” என்றாள். சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டு வாங்க வந்தாள். நான் நடுவில் வாங்கிக்கொண்டேன். அவளுக்கு வீட்டுச் சோலியே ஆயிரம், நான் எழுதுகிறேன் என்றேன். எனக்கு எழுத்து அழகாக வரும். ஐந்தாவதில் வாத்தியார் என் சிலேட்டைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார். ஆறாவதுக்குப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 15 அன்று பல்கலைக்கழகத்தில் பயிற்சி வைத்தார்கள். நோட்டுக்காரரோடு வீட்டில் இன்னொருவரும் வரலாம் என்றார்கள். சுகந்தி பச்சைச் சேலையைத் தேய்த்துக் கட்டிலில் மடித்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் போனால் வீட்டை யார் பார்ப்பது என்று சொல்லிவிட்டு மகனோடு நான் மட்டும் போனேன். கல்யாணமானதிலிருந்து அவள் எங்கேயாவது போக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்று அப்புறம் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பயிற்சியில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: அளக்கத் தொடங்குகிற இடம் மாறக் கூடாது, மாறினால் குறிப்புக் கட்டத்தில் கட்டாயம் எழுத வேண்டும் என்று. நான் தலையாட்டினேன்.

18-ஆம் தேதி மத்தியானம் அவள் தண்ணீர் சேந்தப் போனாள். வாளி விழுந்த சத்தம் என்றுதான் நினைத்தேன். வாளி மேலேயே இருந்தது. என் சத்தம் கேட்டு மாரப்பன் வேலியைத் தாண்டி வந்தான்.

19-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு அளந்தேன். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பேத்தி தன்ஷிகா அழுதுகொண்டிருந்தாள். நான் அளந்தேன். எட்டு மணிக்கு நம்பியூரிலிருந்து கொத்தனார் வந்து பொழுதுக்குள் மூன்று வரி வைத்து முடித்தார். 20-ஆம் தேதியும் அளந்தேன். எண்ணைப் பார்த்ததும் தெரியும். இந்த மாதம் 6-ஆம் தேதிதான் தெரிந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்றைக்கே தெரியும். பேனாவை அந்தக் கட்டத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் எல்லா நாளும் எழுதுகிறதை எழுதினேன்.

ஜனவரி 30, வெள்ளி

தன்ஷிகா பள்ளிக்கூடத்தில் ‘எங்க அப்பத்தா விஞ்ஞானி’ என்று சொன்னாளாம். டீச்சர் கைதட்டச் சொன்னாராம்.

பிப்ரவரி 2, திங்கள்

சுகந்தி பின்கட்டில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். நாலைந்து காய் உரித்த பிறகு சொன்னேன்.

“அம்மிணி, மேடையில செவுத்தப் பத்திச் சொல்லோணும்.”

அவள் கை நிற்கவில்லை. “என்ன தேதின்னு சொல்லுவீங்க?”

“பத்தொம்பது.”

“எதுக்குக் கட்டுனீங்கன்னு கேப்பாங்களே.”

“கேப்பாங்க. கொழந்த ஓடியாடுதுன்னு சொல்லிரலாம்னு உன்ற ஊட்டுக்காரன் சொல்லுவான். ஆனா அந்தத் தேதியச் சொன்னா ஊரு அதோட வுடாது. உன்ற அம்மா காதுக்குப் போவும். அதுனால உன்னையக் கேக்கறன். நான் என்ன சொல்லட்டும்?”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவை நேராகப் பார்த்தது.

“உங்க நோட்ட நான் தெனமும் பாக்கறனுங்க அத்தே. நீங்க குளிக்கப் போறப்ப எடுத்துப் பாப்பேன். இருவதாந்தேதி அளவப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன், ரெண்டடி செவுருன்னு. கணக்குத்தானே. நீங்க எப்ப எழுதுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். இன்னைக்கு எழுதுவாங்க, நாளைக்கு எழுதுவாங்கன்னு. அன்னைக்கு ஒருத்தி கெணத்துக்குள்ள விழுந்தா. மூணு வரி கல்லு ஏறுச்சு. மூடி போட்டுப் பூட்டுனாங்க. நீங்க ஒன்னுமில்லைன்னு எழுதியிருக்கறீங்க.” ஒரு காயை உரித்து முறத்தில் போட்டாள். “‘விழுந்தா’ன்னு சொல்றேன் பாருங்க. நானும் உங்களாட்டமே பழகிட்டேன்.”

முறத்தில் பூச்சிக் காயும் நல்ல காயும் ஒன்றாகக் கிடந்தன. பிரித்துப் போட்டேன்.

“தேதியச் சொல்லுங்க” என்றாள். “செவுத்தச் சொல்லுங்க. எதுக்குன்னு கேட்டா எம்பக்கம் பாருங்க. நான் எந்திரிக்கறனா இல்லையான்னு எனக்கே தெரியாது. ஆனா நான் அங்க இருக்கோணும். இந்த வாட்டி ஊட்டுக் காவலுக்கு வேற யாரையாவது வையுங்க.”

பிப்ரவரி 3, செவ்வாய்

மகன் கத்தினான். சுகந்தி அலமாரியிலிருந்து பச்சைச் சேலையை எடுத்து உதறி, வெயிலில் போட்டாள். அவனும் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். எதற்கு வருகிறான் என்று தெரியவில்லை. தடுக்கவோ, தாங்கவோ.

அளவு பத்தொன்பது அடி பதினோரு அங்குலம்.

பிப்ரவரி 5, வியாழன்

முறுக்கு சுட்டேன், மெர்லினுக்கு. தன்ஷிகாவை என் தங்கை வீட்டில் விட்டோம். நாளை முதல் நாள் கூட்டத்துக்குப் போகவில்லை, சனிக்கிழமை மட்டும். மேடையில் பேச எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துவிட்டேன். ‘லேசாகத் திடுக்கிட்டேன்’ என்று அதில் இருந்தது.

இன்றைக்கும் கிணற்றைப் பூட்டிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். பூட்டினால்தான் தூக்கம் வருகிறது. யாரை உள்ளே வைத்துப் பூட்டுகிறேன் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பிப்ரவரி 7, சனி

வந்து படுத்துவிட்டேன். எழுந்து எழுதுகிறேன், பொழுது இறங்கவில்லை இன்னும்.

கூடம் பெரியது, குளிர் மிஷின் வைத்தது. சுவரோரமெல்லாம் அட்டைகள்: எந்த ஊரில் எந்த மீன், எந்தக் காற்றில் எவ்வளவு புகை என்று. எங்கள் அட்டை நடு வாசலுக்கு எதிரே. என் படம், அதற்குக் கீழே சிவப்புக் கோடு. கோடு விழுகிற இடத்தில் வட்டம் போட்டு ‘புதிய ஆழ்துளைக் கிணறு’ என்று அம்புக்குறி. மாரப்பன் கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்து நாற்காலிகள் இரண்டு புறமும் காலி. எங்கள் ஊர்க்காரர்கள் முன்னால் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி நான்காம் வரிசையில், ஓர நாற்காலியைக் காலியாக விட்டு. அவளுக்குப் பக்கத்தில் மகன், நாற்காலி நுனியில்.

என் பெயரைச் சொன்னதும் கைதட்டினார்கள். மைக் உயரத்தை ஒருத்தர் வந்து எனக்குத் தகுந்தபடி இறக்கினார்.

வணக்கம் சொன்னேன். பிறகு, “இந்தக் கோடு தப்புங்க” என்றேன்.

அதற்குமேல் நான் நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது. செப்டம்பர் 19 பகலில் கிணற்றுச் சுவரை மூன்று வரி உயர்த்தினோம், அளக்கிற இடம் இரண்டடி மேலே போய்விட்டது, தண்ணீர் இறங்கவில்லை, மாரப்பன் போருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குறிப்பில் எழுதாதது என் குற்றம், மறந்து செய்ததல்ல என்று சொன்னேன். மெர்லினைப் பார்த்தேன். பாவம், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர்க்காரர்களைப் பார்க்கவில்லை.

பேராசிரியர் அன்பாகத்தான் கேட்டார். “அம்மா, இருநூத்து நாப்பது நாள் ஒரு நாள் தவறாம எழுதின நீங்க, இத மட்டும் ஏன் எழுதாம விட்டீங்க? சுவர எதுக்கு ஒரே நாள்ல உயர்த்துனீங்க?”

குழந்தைக்காக என்கிற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் வெளியே போய்விடலாம், அப்படி ஒரு கதவு. நான் சுகந்தியைப் பார்த்தேன்.

அவள் ஏற்கனவே எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மகன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தான். அவள் குனிந்து, அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். கோபமாக இல்லை, முள்ளில் மாட்டின துணியை எடுக்கிறவள் மாதிரி. மைக் இல்லாமலே பேசினாள்.

“அதுக்கு மொத நாளு நான் அந்தக் கெணத்துல குதிச்சனுங்க. மாரப்ப மாமாதான் எறங்கி என்னையத் தூக்குனாரு. அதனாலதான் செவுரு. வெளிய சொல்லாதீங்கன்னு ஊட்டுல அவருகிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாங்க, அதனால அவரு இத்தன நாளும் பேசுலீங்க.” பேராசிரியர் பக்கம் திரும்பினாள். “இருவதாந்தேதியில இருந்து எல்லா அளவுலயும் ரெண்டடி கழிச்சுக்குங்க. கோடு சரியா வந்துரும்.”

உட்கார்ந்துவிட்டாள்.

நான் மேடையிலேயே நின்றேன். யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. பின்னால் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம். மாரப்பன் எழுந்து வெளியே போனான், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. முனைவர்களில் ஓர் அம்மா இறங்கிப் போய் சுகந்தியின் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருந்தார். அதைச் செய்ய நான்கு மாதத்தில் எனக்குத் தோன்றவில்லை.

மெர்லின் அங்கேயே மடிக்கணினியில் கழித்துப் போட்டுக் காட்டினாள். சிவப்புக் கோடு மேலே ஏறி மற்ற பதினேழோடு சேர்ந்துகொண்டது. எது எங்கள் கிணறு என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதிகாரி தாளில் எதையோ அடித்தார். மாரப்பன் போருக்கு இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாப்பாட்டில் எங்கள் ஊர்க்காரர்கள் என் மேசைக்கு வரவில்லை. மெர்லின் வந்தாள். கண் சிவந்திருந்தது. முறுக்கை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை. சுகந்தியிடம் ரொம்ப நேரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். என்ன என்று நான் கேட்கவில்லை.

வரும்போது வாடகைக் காரில் நான்கு பேர். நான்காவது ஆள் மாரப்பன். பஸ்ஸில் போகிறேன் என்றவனைச் சுகந்திதான் ஏறச் சொன்னாள். வழியில் அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. எடுத்து, “ஆமாங்கம்மா, நெசந்தான். நாளைக்கு வாங்க” என்றாள். மறுபக்கம் அழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு எழுந்து டேப்பை எடுத்தேன். சுகந்தி பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலை வாரியிருந்தாள். கையை நீட்டினாள், டேப்புக்கு.

கொடுத்தேன். கை அப்படியே நீண்டிருந்தது. சாவி.

அதற்கு நான் தயாராக இல்லை. இடுப்பில் கை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். “நானும் கூட வரட்டுமா?” என்றேன். “நீங்க அடுப்பப் பத்த வையுங்க அத்தே” என்றாள். மகன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். சமையலறைக்கு வந்து, கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. பூட்டு திறந்தது. கம்பி மூடி சுவரில் சாய்ந்தது. டேப் உரசிக்கொண்டு இறங்குகிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை. பால் பொங்கி வழிந்தது. நான் இறக்கவில்லை.

“இருவது அடி நாலு அங்குலமுங்க” என்று குரல் வந்தது. “ரெண்டு கழிச்சா பதினெட்டு நாலு. எழுதிக்கிறீங்களா?”

“நீயே எழுதிக்க அம்மிணி” என்றேன்.

“குறிப்புல என்னங்க போடறது?”

அடுப்பைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். கொஞ்ச நேரத்தில் மூடி விழுகிற சத்தமும், அவள் நடந்து வருகிற சத்தமும் கேட்டன. பூட்டுகிற சத்தம் கேட்கவில்லை.

அவள் குளிக்கப் போனதும் நீல நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் எழுத்து சிறியது, சாய்ந்தது, என்னுடையதைப்போல அழகில்லை. குறிப்பு: அளந்தவர் மாறியுள்ளார்.